கேபின் உள்ள கேமரா, சம்பளத்துல ஃபைன்: ஒரு ட்ரெய்லர் டிரைவருக்கு வக்கீல் பதில்

திருவொற்றியூர்லேர்ந்து ஒரு ட்ரெய்லர் டிரைவர் எழுதியிருக்காரு. பேரு, கம்பெனி, வண்டி நம்பர், ஆளை அடையாளம் காட்டுற மாதிரி எது இருந்தாலும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கி போடுறேன், ஏன்னா இதே கதைய வேற வேற வாயால கேட்டுட்டே இருக்கேன், படிக்கிற நிறைய பேருக்கு இது ஆகும்.

இவருக்கு வயசு 40 தாண்டியாச்சு. பல வருஷமா கண்டெய்னர் பெட்டி ஓட்டுறாரு, இப்ப இருக்குற ஓனர்கிட்ட 6 வருஷம். ஓனருக்கு 11 ட்ரெய்லர், ஆபீஸ் ஆளுங்களோட சேத்து இருபது பேருக்கு மேல வேலை செய்றாங்க. துறைமுகத்துலேர்ந்து மணலி, மாதவரம் பக்கம் யார்டுக்கு பெட்டி எடுக்குறது, எக்ஸ்போர்ட் பெட்டிய திரும்ப உள்ள கொண்டு போய் விடுறது, சில நாள் காட்டுப்பள்ளி துறைமுகம். சம்பளம் 18,000, அது போக டிரிப்புக்கு பேட்டா. நாலு மாசம் முன்னாடி எல்லா வண்டிலயும் கேமரா மாட்டிட்டாங்க. ஒரு கண்ணு ரோட்டை பாக்குது, இன்னொரு கண்ணு டிரைவர் மூஞ்சிய பாக்குது. இங்கிலீஷ்ல ஒரு பேப்பர் நீட்டி கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. கொட்டாவி விட்டா, போன் எடுத்தா, பீடி பத்த வெச்சா, பெல்ட் போடலன்னா, கொஞ்ச நேரம் வேற பக்கம் திரும்புனா உடனே அலர்ட். ஒரு அலர்ட்டுக்கு 300 ரூபா ஃபைன். போன மாசம் 14 அலர்ட்டுன்னு சொல்லி 4,200 ரூபா சம்பளத்துல புடிச்சிட்டாங்க.

காசு கூட போய் தொலையுதுன்னு எழுதுறாரு. அவர் மனசு உடைஞ்சது வேற ரெண்டு விஷயத்துல. ஒரு நாள் யார்டுல பெட்டி இறக்க லேட்டாகி, இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பனியன் லுங்கியோட கேபின்ல படுத்து தூங்கியிருக்காரு, வாய தொறந்து குறட்டை விடுற அந்த வீடியோவ சூப்பர்வைசர் எடுத்து டிரைவருங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டு சிரிக்கிற எமோஜி வெச்சிருக்கான். இன்னொரு நாள் காலைல ஆபீஸுக்கு போனா அதே ஆளு, "இன்னா அண்ணே, நேத்து நைட்டு அண்ணி செம டோஸ் போல"ன்னு கேட்டிருக்கான். அப்பதான் இவருக்கே தெரிஞ்சிருக்கு, கேமராவுக்கு காதும் இருக்குன்னு. அந்த நைட்டு அவர் வீட்டுக்காரம்மா போன்ல அவர்கிட்ட பேசுனது பொண்ணு காலேஜ் ஃபீஸ் பத்தி, கடன் பத்தி.

அவர் கேக்குறது மூணு. சுப்ரீம் கோர்ட்டே பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொல்லிடுச்சே, கேமராவ கழட்ட சொல்லி கேஸ் போடலாமா? நான்தான் கையெழுத்து போட்டுட்டேனே, இனிமே ஏதாச்சும் கேக்க முடியுமா? எதுவும் முடியாதுன்னா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடவா, இல்ல ஃபியூஸ புடுங்கிடவா?

அண்ணா, மொதல்ல மூணாவது கேள்விக்கு பதில் சொல்லிடுறேன், ஏன்னா இதை படிக்கிறதுக்குள்ள நீங்க செஞ்சிடுவீங்களோன்னு பயமா இருக்கு. செய்யாதீங்க. கேமராவ மறைச்சா அந்த மிஷினே "கேமரா மறைக்கப்பட்டது"ன்னு டைம், இடம் எல்லாம் போட்டு ஆபீஸுக்கு அனுப்பும். இப்ப நீங்க புகார் சொல்ற இடத்துல இருக்கீங்க, ஃபியூஸ புடுங்குன நிமிஷம் ஓனர் உங்க மேல புகார் சொல்ற இடத்துக்கு வந்துடுவாரு, பொருள சேதப்படுத்துனான், ஒழுங்கீனம்னு எழுதி வேலைய விட்டு தூக்க நீங்களே காரணம் குடுத்த மாதிரி ஆகிடும். அதவிட மோசம், அன்னிக்கு பாத்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஒரு பைக்காரன் இடது பக்கமா பூந்து உங்க பின் சக்கரத்துல விழுந்துட்டான்னு வைங்க, "இவன் ஏன் கேமராவ மறைச்சான்"னு தான் மொத கேள்வி வரும். வண்டி நின்னு, இன்ஜின் ஆஃப் ஆகி, நீங்க ரெஸ்ட் எடுக்குற நேரத்துக்கு வேற வழி இருக்கு, கீழ சொல்றேன்.

கேமராவ கழட்ட வைக்க முடியுமா?

நேர்மையா சொன்னா, கஷ்டம். நீங்க சொல்ற தீர்ப்பு 2017 ஆகஸ்ட் 24ல வந்த புட்டசாமி வழக்கு, ஒன்பது நீதிபதிங்க சேந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னது உண்மைதான். ஆனா அடிப்படை உரிமைன்றது பெரும்பாலும் அரசாங்கத்துக்கு எதிரா நிக்கிற உரிமை. ஒரு தனியார் ஓனர், தன்னோட வண்டில, ஓடுற நேரத்துல பாதுகாப்புக்குன்னு கேமரா வெச்சா, அந்த ஒரு தீர்ப்ப மட்டும் கையில வெச்சுக்கிட்டு போய் கழட்ட சொல்லி ஆர்டர் வாங்கிடலாம்னு நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஃபீஸ் வாங்கிட்டு கேஸ் போட்டு குடுக்க ஆள் கெடைப்பாங்க, ஜாக்கிரதை.

காத்து அடிக்கிற திசையும் அந்த பக்கம்தான். 2025 மார்ச்ல மத்திய அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டாங்க, புதுசா வர்ற கனரக வண்டி, பஸ்ஸுல டிரைவருக்கு தூக்கக்கலக்கம் வந்தா எச்சரிக்கிற கருவி, தானா பிரேக் போடுற கருவி இதெல்லாம் இருக்கணும்னு. உங்க ஓனர் "இது கவர்மெண்ட் ரூல்"னு சொன்னதா எழுதியிருக்கீங்களே, இத எங்கியோ காதுல வாங்கியிருப்பாரு. ஆனா அது வண்டி தயாரிக்கிற கம்பெனிக்கு. தூங்குற டிரைவர எழுப்புறதுக்கு. வீடியோவ ஆபீஸுக்கு அனுப்பு, 300 ரூபா புடி, குரூப்ல போடுன்னு எந்த அரசாங்கமும் விதி போடல.

ஓனர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அத ஒத்துக்கிட்டு பேசுனாதான் உங்க பேச்சுக்கு மரியாதை. இன்சூரன்ஸ் காரணம் இருக்கலாம், சரக்கு குடுக்குற பெரிய பார்ட்டிங்க கேமரா இருந்தாதான் லோடுன்னு சொல்லியிருக்கலாம். கேமரா இருக்கலாமா கூடாதான்னு சண்ட போட்டா நீங்க தோக்க வாய்ப்பு ஜாஸ்தி. எப்ப ஓடணும், என்ன புடிக்கணும், யாரு பாக்கணும், பாத்துட்டு என்ன பண்ணலாம்னு கேட்டா ஓனர்கிட்ட பதில் இருக்காது.

கையெழுத்து போட்டாச்சே?

இதுக்கு இவ்வளவு வருத்தப்பட வேணாம். அந்த கையெழுத்து உங்கள அழிக்கவும் இல்ல, அது இல்லாம இருந்திருந்தா உங்கள காப்பாத்தியிருக்கவும் போறதில்ல.

2023ல டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. அதுக்கான விதிங்க 2025 நவம்பர்லதான் வந்துச்சு, அதுலயும் நமக்கு வேண்டிய முக்கியமான பிரிவெல்லாம் 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே வாக்குலதான் நடைமுறைக்கு வருது. அந்த சட்டத்தோட 7வது பிரிவு, வேலை சம்பந்தமாவும் முதலாளிய நஷ்டத்துலேர்ந்து காப்பாத்தவும் தொழிலாளியோட தகவல சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம்னு சொல்லுது. அதனால "நான் சம்மதிக்கல"ன்ற வாதம் அங்க பெருசா நிக்காது. ஆனா அதே பிரிவ கொஞ்சம் நிதானமா படிங்க. வேலை சம்பந்தமா, தொழிலாளியோட தகவல். உங்க வீட்டுக்காரம்மா அந்த கம்பெனில வேலை செய்றாங்களா? அவங்க குரல பதிவு பண்ண எந்த பேப்பர்லயும் அவங்க கையெழுத்து போடல, உங்க கையெழுத்து அவங்களுக்கு செல்லாது. குறட்டை விடுற வீடியோவ குரூப்ல போட்டு சிரிக்கிறது எந்த ஊர்ல வேலை சம்பந்தப்பட்ட காரியம்?

இன்னொண்ணும் சொல்லிடுறேன், இந்த சட்டத்துல 250 கோடி வரைக்கும் அபராதம்னு வாட்ஸ்அப்ல சுத்துது. அது டேட்டாவ ஒழுங்கா பாதுகாக்காம விட்டதுக்கு உச்சபட்சமா போடக்கூடியது, அதுவும் அரசாங்க கஜானாவுக்கு போகும். உங்க கைக்கு அதுல ஒரு பைசா வராது. உங்களுக்கு காசு திரும்ப வர்ற வழி வேற.

அந்த 4,200 ரூபா

இங்கதான் அண்ணா உங்க கை ஓங்கியிருக்கு, ஆனா லெட்டர்ல நீங்க இதுக்கு குடுத்தது ரெண்டே வரி.

முதலாளி இஷ்டத்துக்கு ஃபைன் போட முடியாது. 1936லேர்ந்து இருந்த சம்பள பட்டுவாடா சட்டத்துலயும் இது இருந்துச்சு, 2025 நவம்பர் 21லேர்ந்து நடைமுறைக்கு வந்துருக்குற ஊதிய சட்டத்தொகுப்புலயும், அதான் லேபர் கோடு லேபர் கோடுன்னு டிவில சொன்னாங்களே அதுல ஒண்ணு, அதோட 19வது பிரிவுல அப்படியே இருக்கு. எந்தெந்த தப்புக்கு ஃபைன்னு ஒரு லிஸ்ட் போட்டு, அதுக்கு அரசாங்கத்துகிட்ட முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, வேலை செய்ற இடத்துல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி ஒட்டணும். ஃபைன் போடுறதுக்கு முன்னாடி உங்கள கூப்ட்டு என்ன காரணம்னு கேக்கணும். ஒரு மாசத்துக்கு மொத்த ஃபைன் சம்பளத்துல 3 சதவீதத்த தாண்டக்கூடாது. தவணையா புடிக்கக்கூடாது, 90 நாள் தாண்டுனா புடிக்கவே கூடாது. ரெஜிஸ்டர்ல எழுதணும், அந்த காசு தொழிலாளிங்க நலனுக்குத்தான் செலவாகணும்.

18,000ல 3 சதவீதம் எவ்வளவு? 540 ரூபா. எல்லா நடைமுறையும் ஒழுங்கா செஞ்சிருந்தாலே அவ்வளவுதான் புடிச்சிருக்க முடியும். அவங்க புடிச்சது 4,200. ஒப்புதல் வாங்குன லிஸ்ட் எதாவது ஆபீஸ் சுவத்துல பாத்திருக்கீங்களா? உங்க லெட்டர்ல இல்ல, பாத்திருக்க மாட்டீங்கன்னு நெனைக்கிறேன். ஆக அந்த 540ம் கூட கேள்விதான்.

நீங்க எழுதி கேட்ட உடனே அவங்க என்ன சொல்வாங்கன்னு இப்பவே சொல்றேன். "இது ஃபைன் இல்லப்பா, சேஃப்டி போனஸ் கட்டு"ன்னு பேர மாத்துவாங்க. சம்பளத்துக்கு மேல நிஜமாவே ஒரு போனஸ் குடுத்துட்டு இருந்து அத நிறுத்துனா அது வேற கதை, அதுல வாதம் கொஞ்சம் இழுக்கும். உங்க விஷயத்துல 18,000ல நேரா கழிச்சிருக்காங்க, நாலு மாசத்துக்கு முன்னாடி பேங்க்ல விழுந்த தொகையையும் இப்ப விழுற தொகையையும் பக்கத்துல வெச்சாலே போதும். பாஸ்புக் என்ட்ரி போட்டு வெச்சுக்கோங்க. பேட்டாவுல புடிக்க ஆரம்பிச்சாங்கன்னா டிரிப் வாரியா ஒரு நோட்டுல எழுதுங்க, கைல குடுக்குற காசுக்கு வேற சாட்சி கிடையாது.

இதுக்கு கோர்ட்டுக்கு ஓட வேணாம், தொழிலாளர் துறைல கிளைம் போடலாம், 3 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. தப்பா புடிச்சத திருப்பி குடுக்க சொல்றதோட, மேல 10 மடங்கு வரைக்கும் நஷ்டஈடு போட அந்த அதிகாரிக்கு பவர் இருக்கு. 10 மடங்கு கெடைச்சிடும்னு கணக்கு போட்டுக்காதீங்க, அது உச்சவரம்பு. ஆனா ஓனரோட ஆடிட்டர் இத படிச்சா ஓனர்கிட்ட உக்காந்து பேசுவாரு.

குரூப்ல போன வீடியோ, வீட்டம்மா பேச்சு

உங்க ஃப்ரெண்டு "சைபர் கிரைம்ல குடு, 3 வருஷம் உள்ள"ன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. அவர் சொல்றது ஐடி சட்டம் 66ஈ பிரிவு, 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், சரிதான். ஆனா அது ஒருத்தரோட அந்தரங்க உறுப்ப, துணி இல்லாமலோ வெறும் உள்ளாடையோடவோ இருக்குறப்ப, சம்மதம் இல்லாம தெரிஞ்சே படம் புடிக்கிறது, பரப்புறதுக்கு. பனியன் லுங்கில குறட்டை விடுற வீடியோ கேவலமான வேலைதான், ஆனா அந்த பிரிவுக்குள்ள வராது. அத வெச்சு ஸ்டேஷனுக்கு போனா "யோவ், தூங்குற வீடியோக்கா வந்த"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, அப்புறம் நிஜமான விஷயத்துக்கு போனாலும் உங்கள மதிக்க மாட்டாங்க.

நிஜமான விஷயம் எதுன்னா, நீங்க போற போக்குல எழுதிட்டு போன ஒரு வரி. காலைல யார்டு குழாயில குளிச்சிட்டு கேபின்ல ஏறி துணி மாத்துவேன்னு எழுதியிருக்கீங்க. அந்த நேரத்துலயும் கேமரா ஓடுதுன்னா, அது எங்கியோ ஒரு கார்டுல, ஒரு சர்வர்ல கெடக்கு. இதுவரைக்கும் ஓனர் "எனக்கு தெரியாது, மிஷின் தானா புடிச்சது"ன்னு சொல்லலாம். நீங்க எழுத்துல "நான் இந்த கேபின்ல தான் துணி மாத்துறேன், தூங்குறேன், வண்டி நிக்கிறப்ப உள்பக்க கேமராவ நிறுத்துங்க"ன்னு குடுத்துட்டா, அதுக்கப்புறம் தெரியாதுன்னு சொல்ற வழி அடைபட்டுடும். தெரிஞ்சேன்ற வார்த்தை அந்த பிரிவுல ரொம்ப முக்கியம். அதனால இந்த லெட்டர் உங்க கேஸுல பாதி வேலைய செய்யும்.

நிறுத்துறது ஒண்ணும் ராக்கெட் சைன்ஸ் இல்ல. பேட்டரிலேர்ந்து நேரா கரண்ட் எடுத்திருந்தா சாவி எடுத்தாலும் கேமரா ஓடும், சாவியோட சேத்து இணைச்சிருந்தா சாவி எடுத்ததும் நிக்கும். மாட்டுன ஆளுக்கு அரை மணி நேர வேலை. அதுவரைக்கும் வண்டி யார்டுல நின்னு இன்ஜின் ஆஃப்ல இருக்குறப்ப மட்டும் உள்பக்க கண்ணு மேல ஒரு துண்ட போட்டுக்குறேன்னு அதே லெட்டர்ல எழுதிடுங்க. சொல்லிட்டு மறைக்கிறதுக்கும் சொல்லாம மறைக்கிறதுக்கும் சட்டத்துல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாவி போட்டதும் துண்ட எடுத்துடணும், மறந்துடாதீங்க.

மைக் விஷயத்துல விட்டே குடுக்காதீங்க. கொட்டாவிய புடிக்க காது வேணாம், பெல்ட்ட பாக்க காது வேணாம். குரல் பதிவ ஆஃப் பண்ற செட்டிங் பொதுவா இந்த கேமராவுலயே இருக்கும். ஆபீஸ்ல உக்காந்து ஒரு குடும்பத்தோட கடன் கதைய கேக்குறதுக்கு பாதுகாப்புன்னு பேர் வெக்க முடியாது. அது வரைக்கும் வீட்டுக்கு பேசணும்னா வண்டிய ஓரங்கட்டி இறங்கி பேசுங்க, எப்படியும் ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது, அதுல நான் கேமரா கட்சிதான்.

குரூப்ல போட்ட வீடியோவ ஸ்கிரீன்ஷாட் எடுங்க, போட்ட ஆள் நம்பர், தேதி, நேரம் தெரியிற மாதிரி. குரூப்ப விட்டு கோவத்துல வெளிய வந்துடாதீங்க, கெட்ட வார்த்தைல பதிலும் போடாதீங்க. போட்டவனே அழிச்சிட்டானா, அந்த குரூப்ல இருக்குற வேற ஒரு டிரைவர் போன்ல டவுன்லோட் ஆகியிருக்கும், அவர கேட்டு வாங்குங்க.

அந்த 14 அலர்ட்ட திருப்பி பாருங்க

நீங்க 14 அலர்ட்ட அவமானமா பாக்குறீங்க. நான் வக்கீலா பாக்கும்போது அது ஓனருக்கு எதிரான டாக்குமெண்ட் மாதிரி தெரியுது.

நீங்களே எழுதியிருக்கீங்க, நைட்டு 2 மணிக்கு மிஷின் இங்கிலீஷ்ல "ரெஸ்ட் எடு"ன்னு கத்துது, அடுத்த நிமிஷம் ஆபீஸ்லேர்ந்து போன், "அண்ணே கேட் இன் ஆச்சா, கட் ஆஃப் முடிய போவுது", அதாவது பெட்டி துறைமுகத்துக்குள்ள போயாச்சா, கெடு முடியப்போவுதுன்னு. போன எடுத்தா போன் அலர்ட், 300. எடுக்கலன்னா திட்டு. இதுல போன் அலர்ட் விழுந்த நேரத்தையும் உங்க போன்ல இருக்குற கால் லிஸ்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க. ரெண்டு மூணு அலர்ட்டாவது ஆபீஸ் நம்பர் கால் வந்த அதே நிமிஷத்துல இருக்கும்னு நான் அடிச்சு சொல்லுவேன். இருந்தா அத அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

தூக்க அலர்ட் இன்னும் பெரிய விஷயம். தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைன்றது பழைய 1961 மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டத்துல இருந்துச்சு, அந்த லேபர் கோடுங்கள்ல இன்னொண்ணான தொழில்சார் பாதுகாப்பு தொகுப்புலயும் இருக்கு. 5 மணி நேரம் தொடர்ந்து ஓட்டுனா அரை மணி நேரமாவது இடைவெளி, ஒரு நாள் வேலை முடிஞ்சு அடுத்த நாள் வேலை தொடங்க நடுவுல தொடர்ச்சியா 9 மணி நேரம் ரெஸ்ட்டுன்னு 1961 சட்டம் சொன்னுச்சு. இப்ப பழைய சட்டத்துலேர்ந்து புதுசுக்கு மாறிட்டு இருக்குற நேரம், அதனால மனு எழுதும்போது ரெண்டையும் குறிப்பிட சொல்லி உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க.

"வரிசையில நிக்கிற நேரம் ரெஸ்ட்டுதானே"ன்னு ஓனர் கேப்பாரு, எல்லா ஓனரும் கேப்பாங்க. துறைமுக கேட்டுக்கு காசிமேட்டுலேர்ந்து வரிசை நீண்டு நிக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வண்டிய ரெண்டு அடி நகத்தணும், நகத்தலன்னா பின்னாடி நிக்கிறவன் ஹாரன்ல கைய எடுக்க மாட்டான். அதுக்கு பேரு ரெஸ்ட்டுன்னா அவரே ஒரு நைட்டு வந்து எடுத்துக்கட்டும்.

கேமரா வர்றதுக்கு முன்னாடி டிரைவர் தூங்கி ஆக்சிடென்ட் ஆனா ஓனர் "எனக்கு எப்படி தெரியும்"னு தப்பிச்சிடுவாரு. இப்ப அவர் போன்லயே வருதே, இந்த டிரைவர் கண்ணு சொருகுது, மணி 2:10ன்னு. அது தெரிஞ்சும் டபுள் டிரிப் போட்டு அனுப்புனா, நாளைக்கு ஏதாச்சும் ஆனா அந்த அலர்ட்டே அவர் கழுத்துல சுத்தும். இத அவர்கிட்ட மெரட்டலா சொல்லாதீங்க. ஒவ்வொரு தூக்க அலர்ட்டுக்கும் அப்புறம், வண்டிய ஓரம் கட்டிட்டு, "சார் மிஷின் தூக்க அலர்ட் குடுத்துருக்கு, அரை மணி நேரம் நிறுத்தியிருக்கேன்"னு ஆபீஸ் நம்பருக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்க. அவ்வளவுதான். அதுக்கு அவங்க "நிறுத்தாத, ஓட்டு"ன்னு பதில் போட்டா, அத விட நல்ல சாட்சி உங்களுக்கு வேற கெடைக்காது.

தப்பான அலர்ட்டும் நிறைய வரும். இடது பக்க கண்ணாடிய பாத்து பாத்து ட்ரெய்லர திருப்புற ஆளுக்கு "ரோட்டை பாக்கல"ன்னு விழும், மூக்கு கண்ணாடி போட்டிருந்தா சில நேரம் கண்ணு மூடியிருக்குன்னு விழும். வரிசையில ஊர்ந்துட்டு இருக்கும்போது விழுற அலர்ட் உங்களுக்கு ரொம்ப இருக்குன்னு தோணுது. பொதுவா இந்த மிஷின்ல எத்தன கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா அலர்ட் அடிக்கணும்னு செட் பண்ற வசதி உண்டு, அத கூட்டி வைக்க சொல்லுங்க. 14 அலர்ட்டுக்கும் வீடியோவ காட்டுங்கன்னு கேளுங்க. ஃபைன் போடுறதுக்கு முன்னாடி காரணம் கேக்கணும்னு சட்டம் சொல்லுதுல்ல, வீடியோவ காட்டாம எப்படி காரணம் கேக்குறது?

ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இதே கேமரா உங்களுக்கு உயிர். நம்ம ஊர்ல பெரிய வண்டி மேலதான் தப்புன்னு கூட்டம் மொதல்லயே முடிவு பண்ணிடும். கவனக்குறைவா ஓட்டி உயிர் போச்சுன்னா ஐபிசிக்கு பதிலா வந்த புது பிஎன்எஸ் சட்டத்துல 106(1), 5 வருஷம் வரைக்கும் தண்டனை. 2024 ஜனவரில நாடு முழுக்க டிரைவருங்க ஸ்ட்ரைக் பண்ணாங்களே, இடிச்சிட்டு சொல்லாம ஓடுனா 10 வருஷம்னு சொல்ற அந்த 106(2) இன்னும் நடைமுறைக்கு கொண்டு வரல, அத போட்டு குழப்பிக்காதீங்க. ரோட்டை பாக்குற கண்ணுல பைக்காரன் எப்படி பூந்தான்னு பதிவாகியிருக்கும். ஆனா மெமரி கார்டு நெறஞ்சதும் பழசு மேல புதுசு ஏறிடும், அதனால அன்னிக்கே "இந்த நேரத்து வீடியோவ அழிக்காம எடுத்து வைங்க"ன்னு ஓனருக்கு மெசேஜ் போடணும், கோர்ட்டுல அது செல்ல புது சாட்சிய சட்டமான பிஎஸ்ஏவோட 63வது பிரிவுல ஒரு சான்றிதழ் வேணும்னு உங்க வக்கீலுக்கு தெரியும்.

இப்ப என்ன பண்ணலாம்

தனியா போகாதீங்க. உங்க பெரிய ரிஸ்க் கேஸ் இல்ல, வண்டி குடுக்காம ஆபீஸ் வாசல்ல உக்கார வெக்கிறது. வேலைய விட்டு தூக்குனேன்னு எழுதி குடுக்க மாட்டாங்க, "டிரிப் இல்லப்பா, நாளைக்கு வா"ன்னே பத்து நாள் ஓட்டுவாங்க, பேட்டா இல்லாம நீங்களே போயிடுவீங்க. நாலஞ்சு டிரைவர் ஒண்ணா கையெழுத்து போட்ட லெட்டருக்கு அப்படி பண்றது கஷ்டம், 11 வண்டில 5 வண்டி நின்னா பார்ட்டி போன் பண்ணிடுவான். யாருமே வரலன்னா, தனியா குடுக்குறது உங்க வீட்டு நிலைமைய பாத்து நீங்கதான் முடிவு எடுக்கணும். பொண்ணு ஃபீஸ் கட்டுற மாசம் வேணாம், ஒரு மாசம் தள்ளி குடுங்கன்னுகூட சொல்லுவேன், கிளைமுக்குத்தான் 3 வருஷம் இருக்கே.

லெட்டர் இந்த மாதிரி இருந்தா போதும், சட்டப் பிரிவெல்லாம் போட்டு பயமுறுத்த வேணாம்:

"ஐயா, வண்டி ஓடும்போது கேமரா இருப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. சென்ற மாதம் அலர்ட் என்று எங்கள் சம்பளத்தில் பிடித்த தொகைக்கு விவரமும் வீடியோவும் தரவும். அபராதப் பட்டியலுக்கு அரசு ஒப்புதல் இருந்தால் நகல் தரவும், இல்லை என்றால் தொகையைத் திருப்பித் தரவும். கேபினில்தான் நாங்கள் உடை மாற்றுகிறோம், தூங்குகிறோம். வண்டி நிற்கும்போது உள்பக்க கேமராவை நிறுத்தவும், அதுவரை இன்ஜின் ஆஃப் நேரத்தில் மட்டும் துணியால் மூடிக்கொள்கிறோம். குரல் பதிவை நிறுத்தவும். எங்கள் வீடியோவை குரூப்பில் போடக்கூடாது, போட்டதை நீக்கவும், யார் யார் பார்க்கலாம் என்று எழுத்தில் சொல்லவும். தூக்க அலர்ட் வந்தால் அரை மணி நேரம் நிறுத்த அனுமதி தரவும்."

ஓனர் வாட்ஸ்அப்புக்கு ஒண்ணு, ஆபீஸ் அட்ரஸுக்கு ஸ்பீடு போஸ்ட்ல ஒண்ணு. ரசீத பத்திரமா வைங்க. வேலைக்கான நியமன கடிதம் உங்களுக்கு குடுக்கவே இல்லன்னு எழுதியிருக்கீங்க, புது லேபர் கோடுல அது கட்டாயம், அதையும் கேளுங்க. "ராஜினாமா எழுதி குடு, கணக்கு முடிச்சிடலாம்"னு சொன்னா எவ்வளவு கோவம் வந்தாலும் கையெழுத்து போடாதீங்க, அவங்களே நிறுத்துனா அது தனி வழக்கு, பாக்கி சம்பளம் ரெண்டு வேலை நாளுக்குள்ள குடுக்கணும், சமரச அதிகாரிகிட்ட மனு போடலாம், அதுக்கு 2 வருஷத்துக்கு மேல தூங்கிடக்கூடாது.

பதினஞ்சு நாள் பாத்துட்டு பதில் இல்லன்னா தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்குற தொழிலாளர் துறை ஆபீஸுக்கு போய், உங்க ஏரியாவுக்கு எந்த அதிகாரின்னு கேட்டு மனு குடுங்க. வக்கீலுக்கு காசு இல்லன்னு எழுதியிருக்கீங்க, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துல தொழிலாளிக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானம் எவ்வளவுன்னு பாக்காம குடுக்குற பட்டியல்ல நீங்க வர்றீங்க. 15100க்கு போன் பண்ணுங்க, இல்ல ஹைகோர்ட் வளாகத்துல இருக்குற சட்டப்பணிகள் ஆபீஸுக்கு நேரா போங்க. போகும்போது பாஸ்புக், அலர்ட் மெசேஜ், கால் லிஸ்ட் ஸ்கிரீன்ஷாட், அந்த இங்கிலீஷ் பேப்பரோட நகல் இருந்தா அது. நகல் இல்லன்னா அதையும் மேல சொன்ன லெட்டர்ல ஒரு வரி சேத்து கேட்டுடுங்க அண்ணா.